ஈசலா, பட்டுக் கூட்டுப்புழுவா?

2018-இல் நம் நாட்டுக்குள் நுழைந்த படைப்புழு மக்காச்சோளத்தைத் தின்று தீர்க்கிறது. "அதையே நாம தின்னா என்னங்க?" என்று கேட்பவர்கள் உண்டு. மருந்தடித்த காட்டுப் புழு வேண்டவே வேண்டாம். கொங்கு நாட்டில் பூச்சி சாப்பிட ஆசைப்பட்டால் கைக்கெட்டுவது இரண்டுதான்: ஈசல், பட்டுக் கூட்டுப்புழு.

செலவு: ஈசலுக்குக் காசே இல்லை, விளக்கும் தண்ணீர் வைத்த அண்டாவும் போதும். கூட்டுப்புழு, நூல் எடுத்தபின் மிஞ்சும் கழிவு என்பதால் மலிவு.

கிடைப்பது: ஈசல் மழைக்குப் பிறகு சில மாலைகளில் மட்டும். மழை தப்பினால் அதுவும் இல்லை. கூட்டுப்புழு கோபி, உடுமலைப் பக்கம் பட்டு வளர்ப்பு இருக்கும்வரை உண்டு.

பக்குவம்: ஈசலை வெறும் சட்டியில் வறுத்து, முறத்தில் புடைத்தால் இறக்கை பறந்துவிடும். அப்புறம் உப்பு, மிளகாய்த்தூள், அரிசிப் பொரி, பொட்டுக்கடலை. வாசனையிலேயே பாதி தீர்ந்துவிடும். கூட்டுப்புழுவில் கொழுப்பு அதிகம், சீக்கிரம் சிக்கு வாடை வரும். கொரியாவில் அவித்து விரும்பித் தின்கிறார்கள், எனக்கு ஒத்துவராது.

சத்து: உலர்ந்த கூட்டுப்புழுவில் பாதிக்கு மேல் புரதம். ஈசலும் குறைந்ததல்ல.

நஞ்சு: மல்பெரி இலையில் மருந்து மிஞ்சியிருந்தால் புழுவே செத்துவிடும், அந்தக் கவலை குறைவு. கரையானுக்கு மருந்து வைத்த இடத்து ஈசல் ஆகாது.

நாக்குக்கு என்றால் ஈசல். கோழிக்கும் மீனுக்கும் தீவனம் தேடுபவர்கள் கூட்டுப்புழுவைக் காயவைத்து அரைக்கலாம். இறால் ஒத்துக்கொள்ளாதவர்கள் இரண்டையும் தொடாதீர்கள்.