மதுரை தனியார் மருத்துவமனை, கதிர்வீச்சுப் பிரிவு: என் அனுபவம்

மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்து தையல் ஆறியதும் கதிர்வீச்சுக்கு எழுதிக் கொடுத்தார்கள். மெஷின் பழுது என்று தேதி தள்ளிக்கொண்டே போனது. நாமாகப் போன் செய்தால்தான் தகவல். பயந்துபோய் இருக்கிறவர்களை இப்படி அலைக்கழிக்கக் கூடாது.

ஆனால் அங்குள்ள பிசியோதெரபி அக்காவைக் கையெடுத்துக் கும்பிடலாம். கதிர்வீச்சு எங்கே படவேண்டும் என்று முன்கூட்டியே திட்டமிட எடுக்கிற சிமுலேஷன் ஸ்கேனில் கையைத் தலைக்கு மேல் தூக்கி அசையாமல் படுக்க வேண்டும். அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்திருந்ததால் எனக்குத் தோள் உயரத்துக்கே கை எழவில்லை. சுவரில் விரல்களால் மெல்ல ஏறச் சொல்லி, எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டுப் போட்டே பழக்கினார்.

கதிர் படவேண்டிய இடத்தைக் காட்ட உடம்பில் குறிப்புள்ளி வைத்தவரும் பெண் டெக்னீஷியன்தான். கதிர்வீச்சு முன்பெல்லாம் 25 தடவை, இப்போது பலருக்கும் 15 தடவைதான். வலி இல்லை. முன்பக்கம் திறக்கிற தளர்வான பருத்திச் சட்டை போட்டுப் போங்கள். காத்திருக்கிற இடத்தில் சாய்வு நாற்காலி அவசியம் வேண்டும்.