மெக்ரிட்சியா, புக்கிட் தீமாவா? சிங்கப்பூரின் நான்கு நடைத்தடங்கள்

கிலோமீட்டரை மட்டும் பார்த்துத் தடத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள்தான் பாதி வழியில் உட்கார்ந்துவிடுகிறார்கள். ஏற்றம் எவ்வளவு, நடுவில் விட்டுவிட்டு வெளியேற வழி உண்டா என்ற இரண்டையும் முதலில் பாருங்கள். சிங்கப்பூரின் ஈரக்காற்றில் வியர்வை உலராது, உடம்பு எளிதில் குளிராது. ஊரில் 10 கிலோமீட்டர் நடந்தவருக்கும் இங்கே 6 கிலோமீட்டரிலேயே கால் கனக்கும்.

வாரத்தில் ஒரு மணி நேரம்தான் கிடைக்கும் என்றால் புக்கிட் தீமா மலைக்கு ஈடில்லை. உச்சியின் உயரம் 163.63 மீட்டர். மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் வருகையாளர் நிலையத்தைத் தாண்டியதும் தார்ச்சாலை செங்குத்தாக எழுகிறது. உடம்பு சூடேறும் முன்பே அதில் வேகமாக ஏறினால் ஐந்து நிமிடத்தில் மூச்சு வாங்கும், கெண்டைக்கால் இறுகும். இதற்கு எளிய வழி உண்டு: வாசல்வரை டாக்சியில் போகாமல் பியூட்டி வோர்ல்டு எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடந்து போங்கள். அந்த கால் மணி நேரமே போதுமான சூடேற்றம்.

ஒருமுறை ஏறி இறங்கியதோடு கிளம்பிவிடாமல் இரண்டு மூன்று சுற்று போனால்தான் முழுப் பலன். ஏறும்போது ஒரு வாக்கியத்தைத் திக்கித் திக்கியாவது பேச முடிய வேண்டும். ஒரு சொல்லுக்கு மேல் வராவிட்டால் வேகம் அதிகம்.

முட்டி கெடுவது பெரும்பாலும் இறக்கத்தில்தான். சரிவு தானாக இழுக்கிறதே என்று தாவி ஓடினால் ஒவ்வொரு அடியிலும் தொடைத் தசைதான் பிரேக் போட வேண்டியிருக்கிறது. மறுநாள் கழிவறையில் உட்கார்ந்து எழும்போது அது தெரியும். அடியைக் குறுக்கி, முட்டியைச் சற்றே மடக்கி இறங்குங்கள். மழை பெய்த காலையில் தாரின் மேல் கிடக்கும் ஈர இலை வழுக்கும். அதனால் தேய்ந்த ஷூ கூடாது. இந்த மலைக் காப்புக்காடு திறந்திருப்பது காலை 7 முதல் மாலை 7 வரைதான்.

மெக்ரிட்சி வேறு ரகம். நீர்த்தேக்கத்தைச் சுற்றி வரும் முழுச் சுற்று சுமார் 11 கிலோமீட்டர். நிதானமாக நடந்தால் மூன்று முதல் நான்கு மணி நேரம் பிடிக்கும். ஏற்றங்கள் சிறியவை, ஆனால் ஓய்வதில்லை. வேர், செம்மண், மரப்பலகைப் பாதை, படிக்கட்டு என்று காலடி மாறிக்கொண்டே இருப்பதால் கணுக்காலுக்கு நல்ல பயிற்சி. எப்போதும் சிமெண்டில் நடந்து பழகியவர்களுக்குக் கணுக்கால் பிசகுவதும் இங்கேதான்.

2004-இல் திறக்கப்பட்ட 250 மீட்டர் தொங்குபாலத்துக்காகவே பலர் வருகிறார்கள். அவர்களின் கணக்கு தவறுவது நேரத்தில். பாலம் வார நாள்களில் காலை 9 மணிக்குத்தான் திறக்கும். பொது விடுமுறை அல்லாத திங்கள்கிழமைகளில் திறப்பதே இல்லை. பூங்கா முகப்பிலிருந்து பாலத்துக்கு நாலரைக் கிலோமீட்டர் இருக்கும். 7 மணிக்கே புறப்பட்டால் பூட்டிய கதவின் முன் நிற்க வேண்டிவரும். ஏழரைக்கு மேல் கிளம்புங்கள். பாலத்தில் ஒருவழிதான், எதிர்ப்பக்கமாக வந்தால் ஏற விடமாட்டார்கள். பராமரிப்புக்காக மூடும் நாள்களும் உண்டு. தேசியப் பூங்காக் கழகத்தின் இணையத்தளத்தை முந்தைய இரவே பார்த்துவிடுங்கள்.

ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், காட்டுக்குள் கடை இல்லை. பருத்திக் காலுறை வியர்வையைப் பிடித்துவைத்துக் குதிகாலில் கொப்புளம் கிளப்பும். பாலியஸ்டர் கலந்தது நல்லது. வாழைப்பழமோ ரொட்டியோ பையின் உள்ளே இருக்கட்டும். பிளாஸ்டிக் பை சரசரத்தால் குரங்குக்கு அது சாப்பாட்டு மணி. பாவம் பார்த்து நீங்களாகக் கொடுத்தாலும் சிக்கல்தான்: முதல் தடவைக்கே 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம்.

சதர்ன் ரிட்ஜஸ் 10 கிலோமீட்டர் என்றாலும் பயப்பட வேண்டாம். பூங்காக்களைப் பாலங்களால் கோத்த தடம் இது. வழிநெடுக வெளியேறும் இடங்கள் இருக்கின்றன. ஹார்பர்ஃபிரண்ட் நிலையத்திலிருந்து மராங் பாதையில் ஃபேபர் மலைக்கு ஏறுவதுதான் கடினமான பகுதி, அது முடிந்தால் மற்றது உலா. ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலம் சாலைக்கு 36 மீட்டர் மேலே. காற்று நன்றாக வரும், நிழல் குறைவு. இடி கேட்டால் பாலத்தில் நிற்காதீர்கள். உயரத்தில் நின்றால் தலைசுற்றுபவர்களுக்கு இதே தடத்தில் வரும் காட்டு நடைபாதையின் இரும்புக் கம்பித்தளம் பிடிக்காது, கீழே தெரியும். உடற்பயிற்சி என்ற அளவில் இந்த நான்கில் இதற்குக் கடைசி இடம்தான் கொடுப்போம். விருந்தினரை அழைத்துப்போக முதல் இடம்.

ரயில் காரிடார் 24 கிலோமீட்டர், 2011 ஜூன் இறுதிவரை மலாயா ரயில் ஓடிய தடம். ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது, அதனால் பாதையும் ஏறக்குறைய மட்டம். முட்டி வலி உள்ளவர்கள், பிரசவத்துக்குப் பிறகு மறுபடி நடக்கத் தொடங்குபவர்கள், அறுபதைக் கடந்தவர்கள் இங்கே ஆரம்பிக்கலாம். முழுத் தூரமும் தேவையில்லை. ஹில்வியூவில் தொடங்கி கிங் ஆல்பர்ட் பார்க்கில் முடித்தால் இரண்டு பழைய இரும்புப் பாலங்களும் கிடைக்கும், இரு முனையிலும் எம்ஆர்டி. குறை என்றால் வெயில்தான். திறந்த பகுதிகளில் 10 மணிக்கு மேல் தொப்பி இல்லாமல் முடியாது.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு எங்கள் வரிசை இது: முதல் மூன்று வாரம் ரயில் காரிடார், பிறகு வாரம் ஒருமுறை புக்கிட் தீமாவில் ஒரு சுற்று. அங்கே இரண்டு சுற்று இறங்கியும் மறுநாள் படியில் வலியில்லாமல் போக முடிந்தால், அடுத்த சனிக்கிழமை மெக்ரிட்சி.