6 வருடம், 200 டைவ்: ஸ்கூபா சாமான்களை எந்த வரிசையில் வாங்கியிருக்க வேண்டும்

பயிற்சி முடிந்து சான்றிதழ் கைக்கு வந்த வாரத்திலேயே பிசிடி வாங்கினேன். காற்றை நிரப்பியும் வெளியேற்றியும் மிதப்பைச் சரிசெய்கிற ஜாக்கெட் அது. ஸ்கூபா என்றதும் கண்ணில் படுவது அதுதான் என்பதால் அதிலிருந்தே தொடங்கினேன். இன்று யாராவது கேட்டால் அதைக் கடைசியாக வாங்கச் சொல்வேன். புதிதாகக் கற்றவருக்கு நீருக்கடியில் முதல் தேவை நிதானமான மூச்சு. எது சரியில்லாவிட்டால் மூச்சு தடுமாறுமோ அதை முதலில் சொந்தமாக்கிக்கொள்ள வேண்டும். மற்றவற்றை வாடகைக்கு எடுத்தே நெடுநாள் ஓட்டலாம்.

அப்படிப் பார்த்தால் முதலில் வருவது மாஸ்க். கடையில் எல்லோரும் ஒரு சோதனை சொல்லித் தருவார்கள்: பட்டையைப் போடாமல் முகத்தில் வைத்து, மூக்கால் மூச்சை இழுத்துவிட்டுக் கையை எடுத்தால் மாஸ்க் விழாமல் ஒட்டிக்கொள்ள வேண்டும். என் முதல் மாஸ்க் இதில் தேறியதுதான். கடலில் இறங்கியதும் கன்னத்தோரமாகத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. காரணம் புரியப் பத்துப் பதினைந்து டைவ் ஆனது. சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டரைக் கடித்துப் பிடிக்கும்போது கன்னமும் மேலுதடும் வேறு வடிவத்துக்குப் போய்விடுகின்றன. அதனால் சோதிக்கும்போது வாயில் ஒரு மௌத்பீஸை, அதாவது ரெகுலேட்டரில் கடித்துப் பிடிக்கும் பகுதியை, வைத்துக்கொள்ளுங்கள். மூச்சை மெல்லத்தான் இழுக்க வேண்டும். பலமாக இழுத்தால் பொருந்தாத மாஸ்க்கும் ஒட்டிக்கொள்ளும். கசிகிறதே என்று பட்டையை இறுக்குவதும் தவறு. சிலிகான் விளிம்பு மடங்கி, கசிவு கூடத்தான் செய்யும். மீசை உள்ளவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு: முடிக்கிடையே தண்ணீர் வழி கண்டுபிடித்துவிடும். மூக்குக்குக் கீழே மெல்லிய கோடாக மழித்த பிறகு எனக்கு அது நின்றது.

நீச்சல் கண்ணாடியே போதாதா என்று சிலர் கேட்பதுண்டு. கூடவே கூடாது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. மாஸ்க் மூக்கையும் மூடியிருப்பதால் மூக்கு வழியாகக் காற்றை விட்டு உள்ளழுத்தத்தைச் சமன் செய்ய முடிகிறது. நீச்சல் கண்ணாடியில் அதற்கு வழியில்லை. அழுத்தம் கண்ணைத்தான் தாக்கும். காதின் அழுத்தத்தைச் சமன் செய்ய மூக்கைப் பிடித்து ஊதும்போது கையுறை போட்ட விரலும் மூக்கை எட்ட வேண்டும். அதையும் கடையிலேயே பார்த்துவிடுங்கள். புது மாஸ்க் பனிபோல மங்கிக்கொண்டே இருந்தால், தயாரிப்பின்போது கண்ணாடியில் படிந்த மெல்லிய படலம்தான் பெரும்பாலும் காரணம். உள்பக்கத்தைப் பற்பசையால் நான்கைந்து முறை தேய்த்துக் கழுவியதும் எனக்குச் சரியானது. சொந்தமாகப் பொருந்திய மாஸ்க் வந்தபின் ஒரே சிலிண்டரில் என்னால் இன்னும் சில நிமிடம் கூடுதலாக இருக்க முடிந்தது. தண்ணீர் எப்போது மூக்கில் ஏறுமோ என்ற பயம் அவ்வளவு காற்றைத் தின்றிருக்கிறது.

இரண்டாவது, டைவ் கம்ப்யூட்டர். இதை இரண்டு வருடம் தள்ளிப்போட்டதை நினைத்து இப்போதும் வருந்துகிறேன். ஆழத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் உடலில் கரைகிறது. எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதை வைத்து, கரைந்தது வெளியேறுவதற்காக நடுவில் நிற்காமலேயே மேலே வர இன்னும் எத்தனை நிமிடம் மிச்சம் என்று கம்ப்யூட்டர் கணக்கிடும். முதல் டைவில் 18 மீட்டரில் ஏறக்குறைய 55 நிமிடம் கிடைக்கிறது. 30 மீட்டரில் அது 20 நிமிடத்துக்குச் சுருங்கிவிடுகிறது. ஆரம்பத்தில் கூட்டாளியின் கம்ப்யூட்டரைப் பார்த்தே சமாளித்தேன். அவர் பாறைக்கு மேலே இருப்பார், நான் இரண்டு மூன்று மீட்டர் கீழே எதையாவது பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் காலையில் டைவ் போகாமல், நான் போயிருந்த நாட்களும் உண்டு. அவர் உடம்பின் கணக்கு என் உடம்புக்கு எப்படிப் பொருந்தும்?

சொந்தமாக வாங்கிய பிறகுதான் இன்னொன்று தெரிந்தது. கடைசி 5 மீட்டரில் நான் தாறுமாறான வேகத்தில் ஏறிக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் ஒவ்வொரு முறையும் எச்சரித்தது. அழுத்தம் விகித அளவில் மிக வேகமாக மாறுவது மேற்பரப்பை ஒட்டித்தான். எனவே அங்கேதான் மெதுவாக வர வேண்டும். பாதுகாப்புக்காக 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்பதை நானே எண்ணாமல், அது எண்ணிக் காட்டுவது பெரிய நிம்மதி. நான் எடுத்தது அடிப்படை மாடல்தான். எழுத்து பெரிதாகத் தெரிய வேண்டும், பேட்டரியை நானே மாற்ற முடிய வேண்டும் என்ற இரண்டை மட்டும் பார்த்தேன். நான்கு வருடத்தில் இரண்டு பேட்டரி மாற்றியிருக்கிறேன், வேறு செலவில்லை. சிலிண்டர் அழுத்தத்தைக் கம்பியில்லாமல் காட்டும் வசதி அதில் கிடையாது. ரெகுலேட்டர் குழாயில் வரும் சாதாரண முள் மீட்டரே எனக்குப் போதுமாக இருக்கிறது.

குளிர் தாங்க உடலோடு ஒட்டிப் போடும் ரப்பர் உடையான வெட்சூட்டில் ஒரு தவறு செய்தேன். போட்டுக் கழற்ற எளிதாக இருக்குமென்று ஒரு அளவு பெரிதாக எடுத்தேன். தண்ணீர் காற்றைவிட 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை இழுத்துக்கொள்ளும். தொளதொள சூட்டுக்குள் குளிர்ந்த நீர் புகுந்து புகுந்து வெளியேறும். நாளின் மூன்றாவது டைவில் நடுங்கத் தொடங்கிவிடுவேன், நடுங்கினால் மூச்சு வேகமாகும். அடுத்து வாங்கிய 3 மில்லிமீட்டர் சூட்டைப் போடுவதற்குச் சற்றுப் போராட வேண்டும். அந்த இறுக்கம்தான் தேவை. நாளாக ஆக நியோப்ரீன் ரப்பருக்குள் இருக்கும் குமிழ்கள் நசுங்கி, சூட்டின் மிதப்பு குறைகிறது. நூறு டைவுக்குப் பிறகு மூழ்குவதற்காக நான் இடுப்பில் கட்டும் ஈயத்தில் 1 கிலோவைக் குறைக்க வேண்டியிருந்தது.

காலில் மாட்டும் துடுப்பான ஃபின்ஸைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. நீளமும் விறைப்பும் அதிகமாக எடுத்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். நடுத்தர விறைப்பு, பூட்டி என்ற ரப்பர் காலணியோடு போடும் திறந்த குதிகால், ஸ்பிரிங் பட்டை என்று அமைந்தால் நல்லது.

ரெகுலேட்டரை மூன்றாவது வருடம் வாங்கினேன். அதுவரை வாடகை ரெகுலேட்டர்களால் பெரிய குறை இருந்ததில்லை. கடித்துக் கடித்துத் தாடை வலிக்கும், அவ்வளவுதான். சொந்தமாக ஒரு மௌத்பீஸ் மட்டும் வாங்கி மாட்டிக்கொண்டதில் அதுவும் போய்விட்டது. ஆரம்பத்தில் இதைச் செய்வதே போதும். முழு செட் வாங்குகிறவர்கள் மாடலை ஒப்பிடுவதற்கு முன் ஒன்று விசாரியுங்கள்: நீங்கள் டைவ் செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் அதைப் பிரித்து சர்வீஸ் செய்ய ஆள் இருக்கிறாரா, உதிரிகள் கிடைக்குமா? பெரும்பாலானவற்றுக்கு வருடம் ஒரு முறை, அல்லது 100 டைவுக்கு ஒரு முறை சர்வீஸ் தேவை. கூட்டிப் பார்த்தால் அந்தச் செலவே கணிசமாக இருக்கும். நான் சிலிண்டர் வால்வுக்குள் திருகி மாட்டும் டின் இணைப்புள்ளதை எடுத்தேன், வெளியிலிருந்து கவ்விப் பிடிக்கும் யோக் வகை வால்வுக்கு ஓர் அடாப்டரும் பையில் இருக்கிறது. ஒரு முறை ரெகுலேட்டரின் முதல் நிலையின் (சிலிண்டரில் மாட்டும் பகுதி) தூசி மூடியை மாட்டாமலேயே நல்ல தண்ணீரில் முக்கிவிட்டேன். உள்ளே நீர் போய், காலத்துக்கு முன்பே சர்வீஸுக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. அலசும்போது வாய்ப்பகுதியின் முன்னால் இருக்கும் பர்ஜ் பட்டனையும் அழுத்தக் கூடாது, அந்த வழியாகவும் நீர் ஏறும்.

அப்புறம் அந்த பிசிடி. முதலில் வாங்கியது எனக்குப் பெரிதாகிப்போனது. நீருக்கடியில் சிலிண்டர் முதுகில் ஆடும், நான் ஒரு பக்கமாகச் சாய்வேன். அதைவிட மோசமான அனுபவம் ஒன்று உண்டு. 8 மீட்டரில் காற்று நிரப்பும் இன்ஃப்ளேட்டர் பட்டன் அழுந்தியபடி சிக்கிக்கொண்டது, காற்று உள்ளே வந்துகொண்டே இருந்தது, நான் ஏற ஆரம்பித்தேன். பயிற்சியில் சொல்லித் தந்தபடி குழாயைக் கழற்றிக் காற்றை வெளியேற்றியதால் நிற்க முடிந்தது. இரண்டு வாரமாக அலசாமல் வைத்திருந்ததில் பட்டனுக்குள் உப்பு படிந்திருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு டைவ் நாளின் முடிவிலும் பட்டனை அழுத்தி அழுத்தி நல்ல தண்ணீரில் கழுவுகிறேன், உள்பைக்குள்ளும் நீர் விட்டு ஆட்டிக் கொட்டுகிறேன். பாதி காற்றோடுதான் காய வைக்கிறேன். இப்போது இருப்பது முதுகுப் பக்கம் மட்டும் காற்று நிரம்பும் வகை. நீருக்கடியில் கிடைமட்டமாக இருக்க இது அருமை. மேற்பரப்பில் நிறையக் காற்று அடித்தால் முகம் குப்புறத் தள்ளும், அதற்குப் பழக வேண்டும். எனக்கு எது சரி என்பது 80, 90 டைவுக்குப் பிறகுதான் தெரிந்தது.

சிலிண்டரும் ஈயமும் எப்போதும் வாடகைக்கே. ஆனால் ஒன்று நினைவிருக்கட்டும்: காற்றுக்கும் எடை உண்டு. 11 லிட்டர் அலுமினிய சிலிண்டர் டைவ் முடிவில் இரண்டு கிலோ அளவுக்கு இலகுவாகிவிடும். அதனால் ஈயம் சரியா என்று சிலிண்டரில் 50 பார் (bar) அழுத்தம் மிச்சமிருக்கும்போது பாருங்கள்.

சின்னச் சாமான்களில் இரண்டை முதல் நாளே வாங்கிவிடலாம்: மேலே வரும்போது படகுக்குத் தெரியும்படி ஏவும் ஆரஞ்சு மிதவை, ஒரு விசில். அலை எழும் நாளில் நூறு மீட்டர் தள்ளி ஒரு தலை மட்டும் மிதந்தால் படகோட்டி கண்ணுக்குப் படுவது கடினம். என் விசிலை பிசிடியின் தோள்பட்டையில் கட்டியிருக்கிறேன், கழுவும்போதும் கழற்றுவதில்லை.