'ஐ லவ் லூசி' டிஸ்க்: எதை வாங்கலாம், எதை விடலாம்?

பி-கிரேடு படங்களின் நாயகியாகவே ஓய்ந்திருக்க வேண்டிய லூசில் பால் (1911–1989) என்ற நடிகையை அமெரிக்காவின் செல்லமாக்கியது, சிபிஎஸ் சேனலில் வந்த இந்த நகைச்சுவைத் தொடர். 1951 முதல் 1957 வரை ஆறு சீசன், 180 எபிசோட்.

படத் தெளிவுதான் முதல் ஆச்சரியம். ஸ்பான்சரான பிலிப் மாரிஸ் சிகரெட் கம்பெனி, தொடரை நியூயார்க்கிலிருந்து நேரலையாகக் கேட்டது. ஹாலிவுட்டை விட்டு நகர மாட்டோம் என்றார்கள் லூசிலும் கணவர் டெசி ஆர்னாஸும். அதனால் நேரலைக்குப் பதில் 35 மி.மீ. பிலிம், மூன்று கேமரா, எதிரே நிஜப் பார்வையாளர்கள். ஒளிப்பதிவாளர் கார்ல் ஃப்ராய்ண்ட் விளக்குகளை மேலே தொங்கவிட்டார். ஷாட்டுக்கு ஷாட் லைட்டிங் மாற்றத் தேவையில்லாமல் போனது. சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு பிலிம் உரிமையைத் தம்பதியின் டெசிலு நிறுவனமே வைத்துக்கொண்டது. கெட்டிக்காரத்தனம்!

புளூ-ரேயில் வந்தவை முதல் இரண்டு சீசன்கள்தான் (2014, 2015). அவற்றைத் தயங்காமல் வாங்கலாம். மிட்டாய்த் தொழிற்சாலை எபிசோடும், பிரசவ எபிசோடும் (1953 ஜனவரி 19, லூசிலுக்கு நிஜமாகவே மகன் பிறந்த நாள்) இரண்டாம் சீசனில் இருக்கின்றன. மீதி சீசன்களுக்கு டிவிடிதான் கதி.

சிக்கல் ரீஜனில், அதாவது டிஸ்க் எந்தப் பகுதி பிளேயரில் ஓடும் என்ற குறியீட்டில். அமெரிக்க டிவிடி ரீஜன் 1, இந்தியா, இலங்கை 5. புளூ-ரேயில் அமெரிக்கா ஏ, நாம் சி. மல்டி-ரீஜன் பிளேயர் இல்லாமல் ஆர்டர் போடாதீர்கள். கம்ப்யூட்டர் டிவிடி டிரைவில் ரீஜனை ஐந்து முறைதான் மாற்றலாம், பிறகு பூட்டிக்கொள்ளும். டிவியை 4:3-ல் (பழைய டிவித் திரையின் அகல-உயர விகிதம்) வையுங்கள். இழுத்து நிரப்பினால் எல்லோரும் குண்டாகிவிடுவார்கள். அசைவைச் செயற்கையாக வழவழப்பாக்கும் மோஷன் ஸ்மூத்திங்கை அணைத்துவிடுங்கள்.

சாட்டின் துணியில் இதயம் வரும் டைட்டில் மறுஒளிபரப்புக்காகச் செய்தது. முதலில் வந்தது சிகரெட் விளம்பரத்தோடு சேர்ந்த கோட்டோவியக் கார்ட்டூன்.

முதலில் எதைப் போடுவது? முதல் சீசனின் டானிக் விளம்பர எபிசோட். மதுச்சத்துள்ள டானிக்கை ஒவ்வொரு ஒத்திகையிலும் குடிக்கிறாள் லூசி. முதல் ஸ்பூனில் முகம் மட்டும் கோணும். அப்புறம் நாக்கு குழறும், சொல் இடம் மாறும், கடைசியில் கால் தள்ளாடும். போதையை இப்படிப் படிப்படியாக ஏற்றிக் காட்டுவதற்கே டிஸ்க் விலை தகும். அடுத்து நகைச்சுவை நடிகர் ஹார்போ மார்க்ஸுடன் வரும் கண்ணாடிக் காட்சி (1955), திராட்சை மிதிக்கும் எபிசோட் (1956). தொடர் முடிந்தபின் 1957 நவம்பரிலிருந்து வந்த ஒரு மணி நேர எபிசோடுகள் 13-ம் இழுவை. தனியாகக் காசு கொடுக்க வேண்டாம்.