ஸ்வாப் பார்ட்டிஷனா, ஸ்வாப் ஃபைலா? லினக்ஸ் டெஸ்க்டாப்பில் ஹைபர்னேட் எதை நம்பலாம்

இரவு பதினொன்றரைக்கு ஹைபர்னேட் (திறந்திருப்பதையெல்லாம் டிஸ்க்கில் எழுதிவிட்டு மெஷினை அணைப்பது) கொடுத்துவிட்டுப் படுக்கப் போனேன். டிஸ்க் விளக்கு சிறிது நேரம் மினுங்கியது, ஃபேன் நின்றது, மெஷின் அடங்கியது. குறை சொல்ல எதுவுமே இல்லை. காலையில் பவர் பட்டனை அழுத்தினால் மெஷின் சாதாரணமாக பூட் ஆகி, லாகின் கேட்டு, காலி டெஸ்க்டாப்பைக் காட்டியது. சேமிக்காமல் விட்ட ஸ்ப்ரெட்ஷீட், திறந்திருந்த டெர்மினல்கள் எல்லாம் போச்சு. காரணம் அப்புறம்தான் உறைத்தது. ஒரு வாரத்துக்கு முன் ராமை 8 ஜிபியிலிருந்து 16 ஆக்கியிருந்தேன். ராமில் உள்ளதை இறக்கி வைக்க டிஸ்க்கில் ஒதுக்கும் இடம்தான் ஸ்வாப்; அது தனிப் பார்ட்டிஷனாகவும் இருக்கலாம், ஒரு ஃபைலாகவும் இருக்கலாம். புது ராமுக்கேற்ப பழைய ஸ்வாப் ஃபைலை அழித்துப் பெரிதாகப் புதிது போட்டேன். அந்த ஃபைல் டிஸ்க்கில் எங்கே இருக்கிறது என்று லினக்ஸின் மையமான கெர்னலுக்குச் சொல்லும் எண்ணை மாற்ற மறந்துவிட்டேன்.

"லினக்ஸில் ஹைபர்னேட் வேலை செய்யவில்லை" என்று சொல்பவர்களிடம் கொஞ்சம் விசாரித்தால், பெரும்பாலும் இதே கதைதான். தூங்கப் போவதில் சிக்கல் இருக்காது, எழுவதில்தான் இருக்கும். அதனால் ஸ்வாப் பார்ட்டிஷனையும் ஸ்வாப் ஃபைலையும் ஒப்பிடும்போது நான் முதலில் பார்ப்பது, எழும் நேரத்தில் எது குறைவாகச் சொதப்பும் என்பதைத்தான்.

ஹைபர்னேட் கொடுத்ததும் கெர்னல் ராமில் உள்ளதைப் பிம்பமாக எடுத்து, சுருக்கி, ஸ்வாப் இடத்தில் எழுதுகிறது. ஸ்வாப்பின் தலைப்பகுதியில் இருக்கும் வழக்கமான அடையாளத்தை 'எஸ்1சஸ்பெண்ட்' என்று மாற்றிவிட்டு பவரை அணைக்கிறது. மறுபடி ஆன் செய்யும்போது, ரூட் ஃபைல்சிஸ்டத்தை, அதாவது லினக்ஸ் உட்கார்ந்திருக்கும் முதன்மைப் பகுதியை, மவுண்ட் செய்வதற்கு (திறந்து இணைப்பதற்கு) முன்பே அந்த அடையாளத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். இந்த 'முன்பே' ரொம்ப முக்கியம். முதலில் மவுண்ட் செய்துவிட்டால் ஜர்னல் (ஃபைல்சிஸ்டம் தன் மாற்றங்களைக் குறித்து வைக்கும் பதிவு) ஓடி டிஸ்க்கில் உள்ளது மாறிவிடும். பிம்பத்துக்குள் இருப்பதோ பழைய நிலவரம். இரண்டும் மோதினால் ஃபைல்சிஸ்டமே கெட்டுப்போகும். இதே காரணத்தால்தான், ஹைபர்னேட் ஆன மெஷினை லைவ் யூஎஸ்பியில் பூட் செய்து அந்த டிஸ்க்கைத் திறக்கவே கூடாது என்று சொல்கிறேன்.

மவுண்ட் ஆகாத டிஸ்க்கில் ஃபைல் பெயர் என்று ஒன்று கிடையாது. ஸ்வாப் பார்ட்டிஷனுக்குக் கதவு எண் மாதிரி சொந்தமாக ஒரு யூயூஐடி (தனி அடையாள எண்) இருக்கிறது, நேராகப் போய்த் தட்டலாம். ஸ்வாப் ஃபைலுக்கு அது பயன்படாது. 'இந்தப் பார்ட்டிஷனின் தொடக்கத்திலிருந்து இத்தனையாவது பிளாக்கில் பார்' என்று அடி அளந்து சொல்ல வேண்டும். முதல் வகைக்கு, பூட்டைத் தொடங்கிவைக்கும் க்ரப்பில் 'ரெஸ்யூம்' என்ற ஒரு அளவுரு போதும். இரண்டாவது வகைக்கு 'ரெஸ்யூம்_ஆஃப்செட்' என்ற எண்ணும் சேர்ந்து வர வேண்டும்.

அந்த எண்ணை எடுக்கிற இடத்தில்தான் பலரும் வழுக்குகிறார்கள். ஃபைல்சிஸ்டம் எக்ஸ்ட்4 என்றால் 'ஃபைல்ஃபிராக் -வி' கட்டளையை ஸ்வாப் ஃபைல்மேல் ஓட்டினால் ஒரு அட்டவணை வரும். அதில் 0 என்று தொடங்கும் முதல் வரிசையை மட்டும் பாருங்கள். லாஜிக்கல் ஆஃப்செட்டை விட்டுவிட்டு, ஃபிஸிக்கல் ஆஃப்செட் என்ற நெடுவரிசைக்குப் போங்கள். அங்கே இரண்டு எண்கள் நடுவில் இரட்டைப் புள்ளியோடு இருக்கும். முதல் எண்ணை மட்டும், புள்ளிகள் ஒட்டாமல் எடுக்க வேண்டும். பிடிஆர்எஃப்எஸ் என்றால் ஃபைல்ஃபிராக் தரும் எண் உதவாது. அதற்கு அந்த ஃபைல்சிஸ்டத்தின் சொந்தக் கருவியில் 'மேப்-ஸ்வாப்ஃபைல்' என்ற துணைக் கட்டளை இருக்கிறது.

இன்னொரு குழியும் உண்டு. ஸ்வாப்பாக ஃபார்மேட் செய்யும் 'எம்கேஸ்வாப்' கட்டளையை ஃபைல்மேல் ஓட்டும்போது அது ஒரு யூயூஐடியைத் திரையில் காட்டும். பார்த்தவுடன் அதை அப்படியே எடுத்து ரெஸ்யூம் அளவுருவில் போடத்தான் கை போகும். போட்டால் எழாது. அங்கே வர வேண்டியது, அந்த ஃபைல் உட்கார்ந்திருக்கும் பார்ட்டிஷனின் யூயூஐடி.

இவ்வளவையும் சரியாகச் செய்துவிட்டாலும், ஃபைலை அழித்துப் புதிதாகப் போட்டால் எண் மாறிவிடும். மாறியதை யாரும் சொல்ல மாட்டார்கள். அடுத்த முறை எழும்போது கெர்னல் தவறான இடத்தில் பார்க்கும், அடையாளம் இருக்காது, புதிதாக பூட் ஆகிவிடும். ஸ்வாப்பை இயக்கிவைக்கும் 'ஸ்வாப்ஆன்' கட்டளை ஓடும்போது மிச்சமிருக்கும் எஸ்1சஸ்பெண்ட் அடையாளத்தையும் துடைத்துப் பழையபடி ஆக்கிவிடும். என் ஸ்ப்ரெட்ஷீட் போனது இந்த இடத்தில்தான்.

பார்ட்டிஷனும் தவறாமல் நடக்கும் என்று சொல்ல முடியாது. அதே டிஸ்க்கில் இன்னொரு டிஸ்ட்ரோவை (லினக்ஸ் வகையை) நிறுவினால், அதன் இன்ஸ்டாலர் ஸ்வாப் பார்ட்டிஷனை மறுபடி ஃபார்மேட் செய்து புது யூயூஐடி கொடுத்துவிடலாம். ஏற்கெனவே இருக்கும் டெபியன் அல்லது உபுண்டு அடுத்த பூட்டில் அரை நிமிடம் போலக் காத்திருந்து, ரெஸ்யூம் சாதனத்துக்காகக் காத்துக் கைவிட்டதாக ஒரு வரியைக் காட்டும். எனக்கு இது பிடித்திருக்கிறது. பார்ட்டிஷன் தவறினால் கண்முன்னே சொல்லிவிடுகிறது, ஃபைல் தவறினால் மௌனம்தான். சரிசெய்வதும் எளிது. 'எல்எஸ்பிஎல்கே -எஃப்' கட்டளையில் புது யூயூஐடியைப் பார்த்து, இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ் (ரூட் திறக்கும் முன் ஓடும் சிறு தொடக்க அமைப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸைக் கட்டும் கருவி) அமைப்புக் கோப்புறையில் உள்ள 'ரெஸ்யூம்' என்ற கோப்பில் மாற்றி, 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு' ஓட்டினால் முடிந்தது. பூட்டில் எதையெல்லாம் இணைக்க வேண்டும் என்று பட்டியலிடும் எஃப்ஸ்டேப் கோப்பிலும், க்ரப்பில் ரெஸ்யூம் எழுதியிருந்தால் அங்கேயும், அதே யூயூஐடியை மாற்ற மறக்காதீர்கள்.

ஸ்வாப் ஃபைல் ஜெயிக்கிற இடங்களையும் சொல்லியாக வேண்டும். முழு டிஸ்க்கையும் லக்ஸ் என்ற குறியாக்க முறையில் பூட்டி வைத்திருப்பவர்களுக்கு ஃபைல்தான் வசதி. ரூட்டுக்குள்ளேயே இருப்பதால் ஒரே பாஸ்வேர்டில் இரண்டும் திறக்கும். தனிப் பார்ட்டிஷனை ஒவ்வொரு பூட்டிலும் புதிய சாவியால் பூட்டும்படி வைத்திருந்தால் ஹைபர்னேட்டுக்கு வழியே இல்லை, நேற்றைய சாவி இன்று இருக்காது. அளவை மாற்றுவதும் ஃபைலில் இரண்டு நிமிட வேலை. பார்ட்டிஷனுக்கு லைவ் யூஎஸ்பி, ஜிபார்ட்டட், பேக்கப் என்று ஒரு மாலைப்பொழுது போகும். உபுண்டு 17.04 முதல் புதிய நிறுவல்களில் ஸ்வாப் ஃபைலையே இயல்பாகக் கொடுத்துவருவதற்கும் இந்த வசதிதான் துணை. ஆனால் அது தரும் ஃபைல் பெரும்பாலும் ஹைபர்னேட்டுக்குப் போதாத அளவில்தான் இருக்கும்.

2023-இல் வந்த சிஸ்டம்டி (பூட்டையும் சேவைகளையும் நடத்தும் நிரல்) பதிப்புகள் இந்த இடைவெளியைக் கொஞ்சம் குறைத்திருக்கின்றன. யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் உள்ள மெஷின்களில், தூங்கப் போகும்போதே இடத்தையும் ஆஃப்செட்டையும் ஃபர்ம்வேர் மாறியில் குறித்து வைத்துக்கொள்கின்றன. இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள்ளும் சிஸ்டம்டி இருந்தால், எண்ணை நாம் கையால் எழுத வேண்டியதே இல்லை. ஃபெடோராவில் அப்படி இருக்கிறது. ஆர்ச்சில் சிஸ்டம்டி ஹூக் போட்டிருந்தால் கிடைக்கும். டெபியன் வழக்கமாகத் தரும் இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸில் அந்த வசதி இல்லை. நான் டெபியன்காரன், அதனால் பார்ட்டிஷனுக்கே மாறிவிட்டேன். அளவு, ராம் எவ்வளவோ அவ்வளவு. பிம்பத்தை ராமில் ஐந்தில் இரண்டு பங்குக்குள் அடக்கத்தான் கெர்னல் முயலும், 16 ஜிபிக்கு அது 6.4 ஜிபி. ஆனால் ஸ்வாப்பில் ஏற்கெனவே வேறு பக்கங்களும் போய் உட்கார்ந்திருக்கும் என்பதால் கஞ்சத்தனம் வேண்டாம்.

மூன்றாவதாக இசட்ராம், அதாவது ராமிலேயே சுருக்கி வைக்கும் ஸ்வாப். ஃபெடோரா 33 முதல் இதுதான் இயல்பு ஸ்வாப். ராமுக்குள்ளேயே இருப்பதால் பவர் போனால் அதுவும் போகும், ஹைபர்னேட்டுக்கு உதவாது. ஆனால் அதைத் தூக்கவும் வேண்டாம். குறைந்த முன்னுரிமையில் ஒரு டிஸ்க் ஸ்வாப்பையும் சேர்த்துவிட்டால் இரண்டும் கூடவே ஓடும்.

எதை வைத்தாலும் சரியாகாத சில சிக்கல்கள் உண்டு. ஹைபர்னேட் கட்டளையே மறுக்கப்பட்டால் முதலில் '/சிஸ்/பவர்/டிஸ்க்' கோப்பைத் திறந்து பாருங்கள். முடக்கப்பட்டதாகக் காட்டினால் பெரும்பாலும் செக்யூர் பூட் (கையொப்பமிட்ட நிரல்களை மட்டும் பூட் செய்ய விடும் பாதுகாப்பு) தான் காரணம். அது இயங்கும்போது பல டிஸ்ட்ரோ கெர்னல்கள் ஹைபர்னேட்டைப் பூட்டிவிடும். எழுந்த பிறகு திரை மட்டும் கறுப்பாகவோ சிதறியோ வந்து, கார்டு என்விடியா என்றால், வீடியோ மெமரியைக் காப்பாற்றும் டிரைவர் அமைப்பும் அதன் ஹைபர்னேட், ரெஸ்யூம் சேவைகளும் இயங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும். அணைந்த உடனே தானாக எழுந்துகொண்டால் '/ப்ராக்/ஏசிபிஐ/வேக்கப்' பட்டியலில் யூஎஸ்பி கன்ட்ரோலர் எழுப்ப அனுமதி பெற்றிருக்கிறதா என்று பாருங்கள். அணையாமலே நின்றால் அதே டிஸ்க் கோப்பில் 'பிளாட்ஃபார்ம்' என்பதற்குப் பதில் 'ஷட்டவுன்' என்று எழுதிப் பார்க்கலாம்.

கரண்ட் போகும் ஊரில் வெறும் சஸ்பெண்ட் (ராமுக்கு மட்டும் கரண்ட் கொடுத்துத் தூங்குவது) டெஸ்க்டாப்புக்குப் போதாது, லேப்டாப் போல பேட்டரி இல்லை. ஹைப்ரிட் ஸ்லீப் கொடுத்தால் பிம்பத்தை ஸ்வாப்பில் எழுதிவிட்டு சஸ்பெண்டில் நிற்கும். கரண்ட் இருந்தால் சில விநாடிகளில் எழும், போனால் டிஸ்க்கிலிருந்து எழும். அதுவும் இதே ஸ்வாப்பைத்தான் நம்பியிருக்கிறது.

எந்த மாற்றம் செய்தாலும், உண்மையான வேலையைத் திறந்து வைத்துக்கொண்டு சோதிக்காதீர்கள். டெக்ஸ்ட் எடிட்டரில் இரண்டு வரி தட்டிவிட்டு, ரூட் பயனராக '/சிஸ்/பவர்/டிஸ்க்' கோப்பில் 'ரீபூட்' என்று எழுதி, '/சிஸ்/பவர்/ஸ்டேட்' கோப்பில் 'டிஸ்க்' என்று எழுதுங்கள். மெஷின் பிம்பத்தை எழுதி, அணையாமல் மறுபடி பூட் ஆகி, அந்த இரண்டு வரிகளோடு திரும்பி வர வேண்டும். ஒரு முறை வந்தால் போதாது, இரண்டு மூன்று முறை பாருங்கள். வராவிட்டால் '/சிஸ்/பவர்/பிஎம்_டெஸ்ட்' கோப்பில் 'ஃப்ரீஸர்', அப்புறம் 'டிவைசஸ்' என்று ஒவ்வொன்றாக எழுதி, ஒவ்வொரு முறையும் ஹைபர்னேட் கொடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு படியிலும் மெஷின் ஐந்து விநாடி நின்றுவிட்டுத் திரும்பும். 'டிவைசஸ்' படியில் தொங்கினால் ஸ்வாப்பை விட்டுவிட்டு டிரைவரைத் தேடுங்கள்.