“நீர்க்கட்டியைக் கரைக்கிறோம்” என்று யாராவது சொன்னால் பணம் கட்டாதீர்கள்

பிசிஓடி, அதாவது ‘சினைப்பை நீர்க்கட்டி’ என்று சொல்கிற ஹார்மோன் கோளாறு இருக்கிற தோழிகள் கொஞ்சம் படித்துவிடுங்கள். எனக்கு 14,500 ரூபாய் போனது. உங்களுக்கும் போக வேண்டாம்.

இன்ஸ்டாகிராமில் விளம்பரம்: 90 நாளில் நீர்க்கட்டி கரையும், ஆயுர்வேதம், பக்கவிளைவே கிடையாது. நம்பர் கொடுத்த பத்தாவது நிமிடம் ஒரு பெண் அழைத்தார். டாக்டர் இல்லை, ‘ஹெல்த் அட்வைசராம்’. ஸ்கேன் ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் வாங்கிப் பார்த்த வேகத்தில், “ரெண்டு பக்கமும் கட்டி நிறைய இருக்கே சிஸ்டர், இப்ப விட்டா குழந்தை நிக்காது” என்றார். அந்த ஒரு வரியைக் கேட்டுத்தான் அம்மா உடனே பணத்தைப் போடச் சொன்னார்.

வந்த பெட்டியில் மூன்று வெள்ளை டப்பா. மேலே மார்க்கரில் 1, 2, 3. அவ்வளவுதான். என்ன மூலிகை என்று கேட்டால் “பரம்பரை ரகசியம் சிஸ்டர்”. என் டாக்டர் எழுதிக் கொடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த மெட்ஃபார்மின் மாத்திரையையும் நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினேன், அதுதான் பெரிய தப்பு.

நான்கு மாதம் தீட்டே வரவில்லை. “கட்டி கரையும்போது அப்படித்தான், இன்னொரு கோர்ஸ் எடுங்க” என்றார்கள். அப்புறம் வந்தது, பதினெட்டு நாள் நிற்காமல். மகளிர் மருத்துவர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். மாதக்கணக்கில் வராமல் இருந்ததில் கருப்பையின் உள்சுவர் தடித்துப்போயிருந்தது.

அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். சினைப்பையின் ஓரத்தில் பாசிமணி கோத்த மாதிரி கறுப்புக் கறுப்பாக இருந்தவை கட்டியே இல்லையாம். ஹார்மோன் கோளாறால் வளராமல் பாதியில் நின்றுபோன முட்டைப் பைகள், ஒவ்வொன்றும் 2 முதல் 9 மில்லிமீட்டர்தான். கரைக்க அங்கே என்ன இருக்கிறது? ‘நீர்க்கட்டி’ என்று நாம் பேர் வைத்துவிட்டோம், அவர்கள் அதை வைத்துக் கடை போட்டுவிட்டார்கள்.

ஆயுர்வேதத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. பிறகு முறையாக ஆயுர்வேதம் படித்துப் பட்டம் (பி.ஏ.எம்.எஸ்.) வாங்கிய ஒரு வைத்தியரிடமும் போனேன். தூக்கம், சாப்பாடு, மலச்சிக்கல் என்று முக்கால் மணி நேரம் கேட்டுவிட்டு வரணாதி கஷாயம் எழுதினார். “எடையில 5 முதல் 10 சதவீதம் குறைஞ்சாலே பலருக்குச் சுழற்சி திரும்பும்மா, கஷாயம் அதுக்குத் துணை. உங்க டாக்டரைக் கேக்காம மெட்ஃபார்மினை நிறுத்தாதீங்க” என்றார். பாட்டிலில் உரிம எண், பேட்ச் எண், சரக்குகளின் பட்டியல், காலாவதித் தேதி எல்லாம் இருந்தன. ஆயுர்வேத மருந்துக்கும் இவை சட்டப்படி கட்டாயம் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

இன்னொன்று: மாதவிடாய்க் கோளாறைச் சரிசெய்யும் மருந்து என்று விளம்பரம் செய்வதையே மருந்து, மாய வைத்திய விளம்பரங்கள் பற்றிய 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஆனாலும் அந்த விளம்பரம் நேற்றுகூட என் கண்ணில் பட்டது. 1915-க்குப் போன் செய்து நுகர்வோர் புகார் கொடுத்திருக்கிறேன். இரண்டாம் நம்பர் டப்பாவில் பாதி மிச்சம் இருக்கிறது. சாட்சிக்கு வேண்டும், தூக்கிப் போட்டுவிடாதே என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.