பழைய வீட்டுச் சுவருக்குச் சிமெண்டா சுண்ணாம்பா, தரைக்கு டைல்ஸா ரெட் ஆக்சைடா?

வேலூர் வேலப்பாடியில் இருக்கிறது எங்கள் தாத்தா காலத்து மெத்தை வீடு. செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்து எழுப்பிய ஒன்றரை அடிச் சுவர், மேலே தேக்குக் கட்டை போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரை, கூடத்தில் சிவப்புத் தரை. கையில் காசு சேரும்போது ஒரு அறை என்று மெதுவாகச் சரிசெய்து வருகிறோம், அதனால் ஒரே வீட்டில் இரண்டு வழியையும் செய்து பார்த்தாகிவிட்டது. 2021 கோடையில் தெருப்பக்க அறைக்குச் சிமெண்ட் பூச்சு, புட்டி, எமல்ஷன், தரைக்கு டைல்ஸ். அடுத்த வருடம் பின்பக்க அறைக்குச் சுண்ணாம்புப் பூச்சு, சிமெண்டில் சிவப்புப் பொடி கலந்து தேய்க்கும் ரெட் ஆக்சைடு தரை. பழைய வீட்டில் கைவைக்கப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அழகை இல்லை, சுவருக்குள் இருக்கும் ஈரம் எந்த வழியாக வெளியே போகும் என்பதைத்தான்.

முதலில் சிமெண்ட். நான்கு நாளில் பூச்சு முடிந்தது, புட்டி இழுத்து பெயிண்ட் அடித்ததும் அறை புது ஃபிளாட் மாதிரி இருந்தது, வந்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். அந்த நவம்பரில் பாலாறு கரை புரண்டு ஓடிய மழை வந்ததே, அதற்குப் பிறகு தரையிலிருந்து இரண்டடி உயரம் வரை பெயிண்ட் கொப்பளித்தது, விரலால் தட்டினால் புட்டி பொடியாக உதிர்ந்தது, அடியில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. கொத்தனாரின் கைவேலையில் குறை இல்லை. அந்தக் காலத்து வீடுகள் பலவற்றில் கடைக்காலுக்கு மேலே ஓதம் தடுக்கும் அடுக்கு கிடையாது, மண்ணின் ஈரத்தைச் செங்கல் உறிஞ்சி மேலே ஏற்றிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புப் பூச்சில் நுண்துளைகள் இருப்பதால் ஏறிய ஈரம் காற்றில் ஆவியாகிப் போய்விடும். அதன்மேல் கெட்டியான சிமெண்டும் பெயிண்டும் பூசி அடைத்தால் ஈரம் இன்னும் உயரம் ஏறி, கிடைத்த இடத்தில் உப்போடு பிதுங்கும். இதைவிட மோசமான ஒன்று, கெட்டுப்போன சிமெண்ட் பூச்சைக் கொத்தி எடுக்கும்போதுதான் தெரிந்தது. பழைய செங்கல் மென்மையானது, சிமெண்ட் உரியும்போது செங்கல்லின் முகத்தையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு வந்துவிட்டது.

சுண்ணாம்புக்குப் பொறுமை வேண்டும். ஆள் கிடைப்பதே கஷ்டம், தெரிந்த மேஸ்திரிகள் வயதானவர்கள். எங்களுக்கு அமைந்தவர் ஆற்காடு பக்கத்துப் பெரியவர், சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு "இது தண்ணி குடிக்கிற சுவரு தம்பி, வாயை அடைச்சீங்கன்னா கக்கும்" என்றார். சுட்ட சுண்ணாம்பைத் தொட்டியில் போட்டு நீற்றும்போது தண்ணீர் கொதிக்கும், கண்ணில் தெறித்தால் ஆபத்து, பிள்ளைகளைக் கிட்டவே விடாதீர்கள். நீற்றியதை ஈரம் காயாமல் ஊற வைத்து, சலித்த மணலும் செங்கல் தூளும் சேர்த்துக் குழைத்தார், ஊறிய கடுக்காய்த் தண்ணீரில் வெல்லம் கரைத்து ஊற்றினார். கடுக்காய் நம் மாவட்டத்துக்குப் புதிதில்லை, ஜவ்வாது மலையில் பொறுக்குவது, தோல் பதனிடுவதற்கும் காலங்காலமாகப் பயன்பட்டது. ஒரு அறைக்குப் பத்தொன்பது நாள் ஆனது, கூலி சிமெண்ட் வேலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல். காற்றில் இருக்கும் கரியமில வாயுவை இழுத்துத்தான் சுண்ணாம்பு இறுகும், ஆகவே அவசரப்படுத்த வழியே இல்லை. நம் ஊர் மே மாத வெயில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும், அந்தச் சூட்டில் பூசினால் வேகமாகக் காய்ந்து மயிரிழை மயிரிழையாக வெடிக்கும், தை மாசியில் ஆரம்பிப்பது நல்லது. பூசி முடித்ததும் மேலே எமல்ஷன் அடித்தால் செலவு செய்ததெல்லாம் வீண், சுண்ணாம்பு வெள்ளைதான் அடிக்க வேண்டும். சாய்ந்தால் சட்டையில் கொஞ்சம் ஒட்டும், அது உண்மை. ஆனால் மூன்று மழைக்காலம் கடந்தும் பின்னறையில் ஓர் இடத்தில்கூடப் பூச்சு பெயரவில்லை, மழை நாளில் வரும் அந்தப் பூசண வாடையும் இல்லை. குளியலறை, சமையலறைத் தொட்டிப் பக்கம் எல்லாம் வேறு கதை, அங்கே தண்ணீர் நேராக அடிக்கும், சிமெண்டும் டைல்ஸும்தான் சரி.

தரையில் எனக்கு அவ்வளவு கறாரான தீர்ப்பு இல்லை. டைல்ஸ் இரண்டு நாள் வேலை, கறை பிடிக்காது, துடைப்பது சுலபம், வயதானவர்கள் இருந்தால் சொரசொரப்பாகப் பார்த்து வாங்கலாம். ஆனால் பழைய தரையை எடுக்காமல் மேலேயே ஒட்டினால் மட்டம் ஏறும். எங்களுக்குக் கிட்டத்தட்ட இரண்டு அங்குலம் ஏறி, பழைய தேக்குக் கதவின் அடியை அறுக்க வேண்டி வந்தது, அது இன்னும் மனசுக்குள் உறுத்துகிறது. விட்ரிஃபைடு டைல்ஸ் தண்ணீரே குடிக்காது என்பதால் தரைக்கு அடியில் இருக்கும் ஈரமும் சுவர் ஓரமாக ஒதுங்குகிறது, முன்னறைச் சுவர் அவ்வளவு சீக்கிரம் கெட்டதில் இதற்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். ரெட் ஆக்சைடு வெறுங்காலுக்குச் சுகம், கோடையில் மத்தியானம் தலையணையை மட்டும் போட்டுப் படுத்துவிடலாம், தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கத் துடைக்க மினுமினுப்பு கூடும். கரணையைத் தேய்க்கும் கை பழகிய கையாக இருக்க வேண்டும், ஒரு அறையை ஒரே மூச்சில் முடிக்க வேண்டும், பிறகு ஒரு வாரம் தண்ணீர் கட்டி நிறுத்த வேண்டும். வெடிப்பு விட்டால் ஒட்டுப்போட்ட இடம் நிறம் மாறித் தெரியும். கூடத்துப் பழைய சிவப்புத் தரையை நாங்கள் தொடவே இல்லை, கழுவி எண்ணெய் போட்டதே போதுமாக இருந்தது.

கூரையை இடித்து கான்கிரீட் போடச் சொன்னவர்கள் பலர். ஆறங்குலச் சின்னச் செங்கல்லைக் குறுக்காக அடுக்கி, மேலே செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பு, அதற்கு மேல் தட்டோடு (தட்டையான ஓடு) என்று அத்தனை கனத்தில் இருப்பது கான்கிரீட்டைவிட நிச்சயம் குளிர்ச்சி. தட்டோட்டை மட்டும் மாற்றி இணைப்புகளை அடைத்தோம், சுவருக்குள் போகும் முனையில் கரையான் அரித்த ஒரு கட்டைக்குப் பதிலாக இரும்பு கர்டர் வைத்தோம். ஃபால்ஸ் சீலிங் வேண்டவே வேண்டாம், ஒழுகலும் கரையானும் கண்ணில் படாமல் போய்விடும்.

கதவு ஜன்னலுக்கு எனாமலா, சுரண்டிவிட்டு எண்ணெயா என்றால் எண்ணெய்தான், தேக்கின் ரேகை அப்படியே எழும்பும். ஆனால் பழைய எனாமலை உலர்வாகத் தேய்க்காதீர்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது, அதற்கு முந்தைய பூச்சில் எவ்வளவு இருக்கும் என்று யாருக்கும் தெரியாது, அந்தத் தூள் குழந்தைகளுக்கு விஷம். ஈரத் துணியும் தண்ணீர் உப்புத்தாளும் வைத்து, முகத்தை மூடிக்கொண்டு, பிள்ளைகளை அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டுச் செய்தோம்.

இப்போது முன்னறையில் நான்கடி உயரம் வரை பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, செங்கல் தெரிய நிற்க விட்டிருக்கிறோம். இந்தக் கோடை முழுக்கக் காயட்டும் என்று சொல்லியிருக்கிறார் பெரியவர், தையில் சுண்ணாம்பு நீற்ற வருவார்.